தெரிந்தவன் என்று விலகாதீர்கள்

2022 அக்டோபர் 13 அன்று பட்டப்பகலில், சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடிவந்த மின்சார ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குக் கிளம்பிய மென்பொருள் ஊழியர் ஒருவர் பயணிகள் கண் முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கரூரில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவி வகுப்பறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். 2018 மார்ச்சில் சென்னை கே.கே. நகரில் ஒரு மாணவி கல்லூரி வாசலில் குத்தப்பட்டு இறந்தார். 2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் ஓர் ஆசிரியை பணிபுரிந்த பள்ளியிலேயே குத்திக் கொல்லப்பட்டார். இவற்றில் எதுவும் நள்ளிரவில் நடக்கவில்லை. ஆளரவமற்ற சந்திலும் நடக்கவில்லை. ரயில் நிலையம், வகுப்பறை, கல்லூரி வாசல், பள்ளிக்கூடம் என்று நாம் பத்திரமானவை என நம்பும் இடங்களில், வெளிச்சத்தில், ஆட்கள் இருக்கும்போதே நடந்தன. பெரும்பாலானவற்றில் தாக்கியவர், பாதிக்கப்பட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ முன்பே தெரிந்த ஆள். பல நாள் பின்தொடர்ந்தவர், அல்லது மறுப்பைப் பொறுக்காதவர்.

பொது இடத்தில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருட்டிய பிறகு வெளியே போகாதே, தனியாகப் போகாதே, முன்பின் தெரியாதவரிடம் பேசாதே, கைப்பையில் மிளகு ஸ்பிரே வைத்துக்கொள். மேலே சொன்னவர்களில் ஒருவரைக்கூட இந்த அறிவுரைகள் காப்பாற்றியிருக்காது. அறிவுரை தவறானது என்று சொல்லவரவில்லை. அது முழுக்க அந்நியனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நம்முடைய தெருவிளக்கு, கேமரா, ரோந்து வாகனம், கராத்தே வகுப்பு எல்லாமே முகம் தெரியாத எதிரிக்காக ஏற்பட்டவை. ஆபத்தோ அநேகமாகப் பெயரும் முகவரியும் தெரிந்த ஆளிடமிருந்து வருகிறது. அந்த ஆள் வரும்போது மட்டும் குடும்பம், காவல் நிலையம், சுற்றி நிற்கும் கூட்டம் மூன்றுமே ஒரு படி பின்வாங்குகின்றன. பொது இடத்துப் பாதுகாப்பில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். இதை அடைக்காமல் விளக்குக்கம்பத்தின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பயனில்லை.

யாருக்குப் பயப்படுகிறோம்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் ஒரு விஷயம் மாறாமல் வருகிறது. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவர் என்று பட்டியல் நீளும். உலக அளவிலும் நிலைமை இதேதான். 2023இல் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர் என்றும், அவர்களில் 60 விழுக்காட்டினரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தினரோதான் என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பு மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பகுதி வீட்டுக்குள் நடப்பது என்பது உண்மை. ஆனால் அதே வன்முறை வாசலைத் தாண்டி பேருந்து நிலையத்துக்கும் கல்லூரிக்கும் வரும்போதுதான் அது பொது இடத் தாக்குதல் என்ற பெயரைப் பெறுகிறது.

பெண்கள் மட்டுமே இதில் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பரபரப்பான கடைவீதிச் சாலையில், சாதி கடந்து திருமணம் செய்துகொண்ட தம்பதியை மோட்டார் சைக்கிளில் வந்த கும்பல் வெட்டிச் சாய்த்தது. கணவர் இறந்தார். மனைவி படுகாயத்துடன் பிழைத்து, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்தத் தாக்குதல் முழுவதும் கேமராவில் பதிவாகி, நாடே பார்த்தது. விசாரணைக்கு அந்தப் பதிவு பெரிதும் உதவியது. தாக்குதலை அது தடுக்கவில்லை.

கேமராவின் பலமும் பலவீனமும் இதில் அடங்கிவிடுகின்றன. உலகெங்கும் நாற்பது ஆண்டுகளில் நடந்த கேமரா ஆய்வுகளைத் தொகுத்துக் குற்றவியல் அறிஞர்கள் 2019இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். கேமரா வைத்த இடங்களில் குற்றங்கள் சராசரியாக 13 விழுக்காடு குறைந்திருந்தன. வாகன நிறுத்துமிடங்களில்தான் பலன் அதிகம். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. காரணம் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. வண்டி திருட வருபவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைப்பான், கேமராவைக் கண்டால் வேறு இடம் தேடுவான். 'எனக்குக் கிடைக்காதவள் யாருக்கும் கிடைக்கக் கூடாது' என்ற வெறியிலோ, குடும்ப மானம் என்ற பெயரிலோ வருபவன் மாட்டிக்கொள்வதைப் பற்றிக் கணக்குப் பார்ப்பதில்லை. நுங்கம்பாக்கம் நிலையத்தில் அன்று கேமரா இல்லாதது பெரிய குறையாகப் பேசப்பட்டது. குறைதான். குற்றவாளியைத் தேடுவது அதனால் சிரமமானது. ஆனால் கேமரா இருந்திருந்தால் அந்த உயிர் மிஞ்சியிருக்கும் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. நடந்ததைச் சொல்ல ஓர் இயந்திரம் போதும். நடப்பதை நிறுத்த அந்த இடத்தில் மனிதர்கள் வேண்டும்.

கூட்டம் கோழையா?

மனிதர்கள் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று உடனே கேட்பீர்கள். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நாம் எழுதுவதும் பேசுவதும் அதைத்தான்: 'வேடிக்கை பார்த்தார்கள்', 'மனிதம் செத்துவிட்டது'. இந்தத் தீர்ப்புக்கு ஒரு பிரபலமான முன்கதை உண்டு. 1964 மார்ச்சில் நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். அக்கம்பக்கத்தார் 38 பேர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அந்த அதிர்ச்சியில் தொடங்கியவைதான் ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோரின் ஆய்வுகள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் இன்டர்காமில் கேட்கச்செய்து பார்த்தார்கள். தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உதவி கேட்டு எழுந்து ஓடினார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர் மட்டுமே எழுந்தார்கள். ஆள் கூடக்கூடப் பொறுப்பு பங்குபோட்டுக் கரைந்துபோகிறது என்ற முடிவு பாடப்புத்தகங்களில் ஏறியது.

ஆனால் ஜெனோவீஸ் கதை சொல்லப்பட்டபடி நடக்கவில்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. முதல் தாக்குதலின்போது ஒருவர் மாடியிலிருந்து அதட்டியதும் கொலைகாரன் ஓடினான். திரும்பி வந்து அவன் தாக்கியது கட்டடத்தின் உள்வழியில், பெரும்பாலோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில். 38 பேரும் முழுவதையும் பார்த்தார்கள் என்பது மிகை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, உதவி வரும்வரை அந்தப் பெண்ணை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். பழைய செய்தியில் பிழைகள் இருந்ததை 2016இல் அதே நாளிதழ் ஒப்புக்கொண்டது. போலீஸை அழைக்க 911 என்ற ஒற்றை எண் நியூயார்க்கில் 1968இல்தான் வந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்து பார்த்தவர்களுக்கு வேறு சித்திரம் கிடைத்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை ஓர் ஆய்வுக்குழு நொடி நொடியாக ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் அதிகம் இருந்த இடங்களில் உதவி கிடைக்கும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. கே.கே. நகரில்கூட, அந்த மாணவியைக் குத்திய ஆளைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் அங்கிருந்த பொதுமக்கள்தாம். ஆகவே கூட்டம் கோழை என்ற தீர்ப்பு அவசரமானது. கூட்டம் எப்போது நகர்கிறது, எப்போது உறைந்து நிற்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு விடை 1976இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஷாட்லண்ட், ஸ்ட்ரா என்ற இரு ஆய்வாளர்கள், ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல் நடிக்கவைத்தார்கள். சண்டை ஒன்றுதான், பெண் போடும் கூச்சல்தான் வேறு. 'என்னை விடு, நீ யாரென்றே எனக்குத் தெரியாது' என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 விழுக்காட்டினர் தலையிட்டார்கள். 'உன்னை ஏன்தான் கட்டிக்கொண்டேனோ' என்று கத்தியபோது அது 19 விழுக்காடாகச் சரிந்தது. உறவு பற்றி எதுவும் சொல்லாத சண்டையைப் பார்த்தவர்களும், இவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்றே அனுமானித்தார்கள். கணவன் அடித்தால் காயம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும், இடையில் போனால் இருவரும் சேர்ந்து நம்மேல் பாய்வார்கள் என்று அஞ்சுவதும் அந்தத் தயக்கத்தின் வேர்கள்.

அது அமெரிக்கா, அதுவும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு. இருந்தாலும் நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தால் நம் காதில் விழும் பேச்சு என்ன? 'புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு', 'லவ் மேட்டர் போல', 'குடும்ப விஷயம், நாளைக்கு ஒண்ணாயிடுவாங்க'. 2023 மே மாதம் டெல்லி ஷாபாத் டெய்ரி பகுதியில் பதினாறு வயதுச் சிறுமியை அவருக்குப் பழக்கமான இளைஞன் குறுகிய சந்தில் வைத்துக் கொன்றபோது, ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருந்ததைக் கேமராப் பதிவு காட்டியது. அந்தச் சந்தில் நடந்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடும். தெரிந்தவர்களுக்கு இடையிலான வன்முறையை அவர்கள் பாடு என்று விட்டுவிடும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் மாற்ற முடியும்.

கத்திக்கு முன்னால் வந்தவை

தெரிந்த ஆளின் தாக்குதலுக்கு ஒரு முக்கியமான தன்மை உண்டு. அது வானத்திலிருந்து குதிப்பதில்லை. அமெரிக்காவின் பத்து நகரங்களில் கணவராலோ காதலராலோ, அல்லது முன்னாள் துணைவராலோ கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளை ஆராய்ந்து ஜூடித் மெக்ஃபார்லேன் குழுவினர் 1999இல் வெளியிட்ட முடிவு: கொல்லப்பட்டவர்களில் 76 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் பின்தொடரப்பட்டிருந்தார்கள். கொலை முயற்சியில் பிழைத்தவர்களில் அது 85 விழுக்காடு. இங்கிலாந்தின் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து, 'ஆத்திரத்தில் ஒரு நொடியில் நடந்துவிட்டது' என்ற வழக்கமான வாதத்தை மறுத்தார். எட்டுக் கட்டங்களாக ஒரு பாதை இருக்கிறது என்று காட்டினார். உறவு முறிவதோ மறுக்கப்படுவதோ தூண்டுகோலாகிறது. அதன்பின் தொல்லை தீவிரமாகிறது, மிரட்டலோ கெஞ்சலோ கூடுகிறது, எண்ணம் மாறுகிறது, திட்டம் உருவாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் பார்க்கிறார், கேள்விப்படுகிறார்.

அப்படியானால் பொது இடத்துப் பாதுகாப்பு, தாக்குதல் நடக்கும் நடைமேடையில் தொடங்குவதில்லை. 'ஒருத்தன் தினமும் பின்னாலேயே வர்றான்' என்று ஒரு பெண் முதன்முதலாக வாய் திறக்கும் இடத்தில் தொடங்குகிறது. அந்த வாய் நம் வீடுகளில் எளிதில் திறப்பதில்லை. சொன்னால் போன் பிடுங்கப்படும், படிப்பு நிற்கும், அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்க்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். 'நீ என்ன பண்ணினே?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். தொல்லை கொடுப்பவனுக்கு ஒரு தண்டனையும் இல்லை, புகார் சொன்னவளுக்கு வீட்டுச்சிறை. இந்தக் கணக்கு மாறாதவரை முன்னெச்சரிக்கைகள் வெளியே வராது. மறுப்பைத் திரும்பத் திரும்ப மீறிப் பின்னால் சுற்றுவதைக் காதலின் உறுதியாகப் பல தலைமுறைகளுக்குக் காட்டிவந்த நம் சினிமாவும், அந்தத் தொல்லையைத் தொல்லை என்று பெயரிட விடாமல் செய்திருக்கிறது.

காவல் நிலையத்திலும் இதே மெத்தனம்தான். பரங்கிமலை வழக்கில் புகார் முன்பே காவல் நிலையம்வரை போய், அந்த இளைஞன் எச்சரித்து அனுப்பப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. கே.கே. நகர் மாணவி விஷயத்திலும் புகார் தரப்பட்டிருந்தது. 2024 டிசம்பர் 30 அன்று பரங்கிமலை வழக்கில் மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மிகக் கடுமையான தண்டனை கடைசியில் வந்தது. தொடக்கத்தில் கிடைத்ததோ ஓர் எச்சரிக்கை. பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கியது 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல் முறைக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஆனால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். அதே 2013 திருத்தம், சில பாலியல் குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்கே தண்டனை உண்டு என்றது. அந்தப் பட்டியலில் பின்தொடர்தல் சேர்க்கப்படவில்லை. சட்டம் எழுதியவர்களும் அதைச் சின்ன விஷயமாகவே பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2020 முதல் ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. வழக்கு முடிந்து தண்டனை வரும்வரை காத்திராமல், பின்தொடர்பவர் இன்ன ஆளை நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்று தடை உத்தரவு பெறக் காவல்துறையே நீதிமன்றத்தை அணுகலாம். அந்த உத்தரவை மீறினால் அதுவே தனிக் குற்றம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்த மசோதாக்களும் பின்தொடர்தலுக்கான தண்டனையைக் கூட்டியதோடு, இத்தகைய பாதுகாப்பு உத்தரவுக்கும் இடம் தந்தன. திசை சரியானது. பலன் தருவது தண்டனையின் நீளத்தைவிட, முதல் புகாரின்போதே அந்த உத்தரவு கைக்குக் கிடைப்பதில்தான் இருக்கிறது.

மறுப்புகள்

கத்தியோடு நிற்பவன் முன்னால் பொதுமக்களைப் போகச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. ஆனால் தலையிடுவது என்றால் பாய்ந்து பிடிப்பது என்று பொருள் கொள்வதால்தான் எல்லோரும் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறோம். மூன்று நகர ஆய்வில் தலையிட்டவர்கள் செய்தவற்றில் கையைக் காட்டி அமைதிப்படுத்துவது, இருவருக்கும் நடுவே வந்து நிற்பது, பாதிக்கப்பட்டவரைத் தேற்றுவது ஆகியவையும் சேர்த்தி. கத்தியைக் கண்டால் கிட்டே போக வேண்டாம். தூரத்தில் நின்று பலர் சேர்ந்து உரக்கச் சத்தம் போடலாம். கடைக்காரர் பெண்ணை உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கலாம். ஒருவர் 112ஐ அழைக்கலாம், இன்னொருவர் நிலைய அலுவலரைக் கூட்டிவரலாம். 'பச்சைச் சட்டை அண்ணே, நீங்க போலீஸுக்குப் போன் பண்ணுங்க' என்று ஆளைக் குறித்துச் சொன்னால், கரைந்துபோகும் பொறுப்பு ஒருவர் கையில் வந்து நிற்கும். இன்னொரு உயிரைக் காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்துவதையும் சட்டம் தற்காப்பு உரிமையாகவே ஏற்கிறது. உங்கள் உடலுக்கு உள்ள அந்த உரிமை மற்றவர் உடலுக்காகவும் உண்டு.

இரண்டாவது மறுப்பு இன்னும் நடைமுறையானது. சாட்சி சொன்னால் ஸ்டேஷன், கோர்ட் என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும், எதிரியின் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். இந்தப் பயத்தை வெறும் உபதேசத்தால் விரட்ட முடியாது. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைக் காவல்துறை தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு வந்தது. தாக்குதலில் காயம்பட்டவரைக் காப்பாற்றுபவருக்கு அதே உறுதி ஏன் இல்லை? சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டம் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் வந்திருக்கிறது. அது இருப்பது எத்தனை சாட்சிகளுக்குத் தெரியும்? வேடிக்கை பார்த்தவர்களைத் திட்டுவதற்குச் செலவிடும் சக்தியில் கால்வாசியை இந்த இரண்டு கோரிக்கைகளுக்குத் திருப்பினால், அடுத்த முறை முன்வருபவர்கள் கூடுவார்கள்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 'தெரிந்தவர்களுக்கு இடையிலும் தலையிடு' என்று கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தால், பூங்காவிலும் கடற்கரையிலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இளையவர்களை விரட்டும் கலாச்சாரக் காவலர்களுக்கு அல்லவா அது ஆயுதமாகும்? ஆகும், எல்லை தெளிவாக இல்லாவிட்டால். அந்த எல்லை இதுதான்: இருவர் சேர்ந்திருப்பது யார் கேள்விக்கும் உரியது அல்ல. ஒருவர் வேண்டாம் என்று சொல்லியும் மற்றவர் விடாமல் பிடிப்பது, இழுப்பது, அடிப்பதுதான் தலையிட வேண்டிய விஷயம். சந்தேகம் வந்தால் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்: 'ஏம்மா, ஏதாவது உதவி வேணுமா?' வேண்டாம் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். அவர் விருப்பத்தைக் கேட்பவர் காப்பவர். அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்பவர் தாக்குபவரின் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அந்நியர் தாக்குதலும் நடக்கத்தானே செய்கிறது என்பது கடைசி மறுப்பு. நடக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் மீது நடந்த பாலியல் வன்முறை அப்படிப்பட்டதே. அத்தகைய குற்றங்களுக்கு எதிராக வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் பலன் தருகின்றன. 2016இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பிரகாசமான விளக்குக் கோபுரங்களை நிறுத்திச் சோதித்தபோது, இரவில் வெளியே நடக்கும் கடும் குற்றங்கள் 36 விழுக்காடு குறைந்தன. ஆகவே விளக்கு வேண்டும். காவலும் வேண்டும். இவை இரண்டும் பாதிப் பாதுகாப்பு என்பதை மறக்காமலிருந்தால் போதும்.

இனி செய்ய வேண்டியவை

பின்தொடரப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது, விஷயத்தை ரகசியமாக வைக்காமலிருப்பது. ஒரு முறை தெளிவாக மறுத்துவிட்டுப் பதில் சொல்வதை நிறுத்துங்கள். தேதி, நேரம், இடம், நடந்தது ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். கல்லூரி நிர்வாகத்துக்கும் அலுவலகக் காவலாளிக்கும் அந்த ஆளின் படத்தைக் கொடுங்கள். 'கடைசியாக ஒரு தடவை பேச வேண்டும்' என்ற அழைப்பை ஏற்றுத் தனியே போகாதீர்கள். மகளிர் உதவி எண் 181. எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை பார்க்காமல், புகாரைப் பதிந்தாக வேண்டும் என்பது இப்போது சட்டமாகவே இருக்கிறது. 'சமாதானமாகப் போங்கள்' என்று எழுதி வாங்கி அனுப்புவதை ஏற்காமல் முதல் தகவல் அறிக்கையைக் கேளுங்கள். பொது இடத்தில் தாக்குதல் நடந்தால் ஆட்கள் இருக்கும் பக்கம், திறந்த கடை இருக்கும் பக்கம் ஓடுங்கள். 'இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது, போலீஸைக் கூப்பிடுங்க' என்று கத்துங்கள். தெரிந்தவனாகவே இருந்தாலும் அப்படிக் கத்துவதில் தவறில்லை. அந்த 1976 சோதனையில் கண்டதுபோல் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் கூடுதலாக உங்கள் பக்கம் வந்தால் அந்தப் பொய்யை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சுற்றியிருப்பவர்களுக்கும் சட்டம் சில கடமைகளை வைத்திருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி வழித்தொல்லையில் இறந்ததை அடுத்து 1998இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, பேருந்தில் தொல்லைக்கு உள்ளான பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம், திரையரங்கு போன்ற இடங்களின் பொறுப்பாளர்களுக்கும் தடுக்கும் கடமையும் தகவல் தரும் கடமையும் உண்டு. கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கும் இந்த விதியை ஒவ்வொரு பேருந்திலும் டிக்கெட் கட்டண அறிவிப்புக்குப் பக்கத்தில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? காயம்பட்டவர் கிடந்தால், சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். செருகிய கத்தியைப் பிடுங்காதீர்கள். அமிலம் என்றால் குறைந்தது இருபது நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ரயில் நிலையமானால் 139. எடுத்த வீடியோவைக் காவல்துறையிடம் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் அந்தப் பெண்ணின் உடல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடைமேடையிலேயே கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றமே கேள்வி கேட்டது. ஒரு துணியைப் போர்த்தக்கூட அங்கே ஒரு கை தேவைப்பட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: 'யாராவது தொல்லை கொடுத்தால் எங்களிடம் சொல். உன் படிப்பும் நிற்காது, போனும் போகாது.' மகனிடம் சொல்லுங்கள்: 'ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் பேச்சில்லை.' அடுத்த முறை பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவரின் கையை யாரோ ஒருவர் முறுக்கும்போது, அவர்கள் என்ன உறவு என்று யோசிக்காதீர்கள். நின்று, உரக்கக் கேளுங்கள்.